மூப்பியல்: ஜெரன்டாலஜிக்குத் தமிழில் என்ன பெயர்?

போன ஆடி மாதம் குமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கம் எங்கள் தெருவுக்கு ஓர் ஆய்வு மாணவி கேள்வித்தாள் அட்டையோடு வந்தாள். பக்கத்து வீட்டுப் பாட்டாவுக்கு வயது 81. வாசல் திண்ணையில் இருந்தவரிடம், "பாட்டா, முதியோர் மனநலம் பற்றி ஆய்வு செய்கிறேன்" என்றாள். அவர் முகம் மாறிவிட்டது.

"எந்த இல்லத்தில் கொண்டுபோய் விடுவதற்கு மக்களே இந்தக் கணக்கெடுப்பு? பையன் சொல்லி அனுப்பினானா?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். 'முதியோர்' என்றதும் 'இல்லம்' வந்து ஒட்டிக்கொள்கிறது. 'மனநலம்' என்றதும் 'மருத்துவமனை'. தனித்தனியே நல்ல சொற்கள்தான். சேர்ந்து படியேறியபோது ஒரு பெரியவரைக் கலங்கடித்துவிட்டன.

மூப்பை ஆராயும் அந்த மாணவியின் துறைக்கு ஆங்கிலத்தில் ஜெரன்டாலஜி என்று பெயர். 'கெரோன்' என்றால் கிரேக்கத்தில் வயதானவர். அது வெறும் வயதைக் குறித்த சொல் அல்ல. ஸ்பார்ட்டாவில் 60 வயது கடந்த 28 பேரும் இரண்டு அரசர்களும் அமர்ந்த ஆட்சி மன்றத்துக்கு அதே வேரிலிருந்து 'கெரூசியா' என்று பெயர். ஜெரன்டாலஜி என்ற பெயரை 1903இல் உருவாக்கியவர் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த எலி மெச்னிகாவ். 1908இல் நோபல் பரிசு பெற்ற உயிரியலாளர். புளித்த பால் ஆயுளைக் கூட்டும் என்று நம்பி அதைத் தாமும் தவறாமல் உட்கொண்டவர். (நம் ஊர் மோர்ப்பானை அவருக்குப் பிடித்திருக்கும்.) சாவைப் பற்றிய ஆய்வையும் தேனடாலஜி என்ற பெயரில் தனித் துறையாக முன்வைத்தவர் அவர். மூப்பையும் சாவையும் சேர்த்தே யோசித்திருக்கிறார்.

தமிழ் இந்த இரண்டையும் எப்போதோ சேர்த்துக் கட்டிவிட்டது. கோயிலில் அணையாத நந்தா விளக்கு எரிக்க ஆடுகளைக் கொடையளித்த கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று வரும். சோழர் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு. ஆடு மூக்கும் (வயதாகும்), சாகும். ஆனால் பொறுப்பேற்றவர் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும். மூவாதது மந்தைதான். அங்கே இருக்கிறது நமக்கு வேண்டிய வேர்: 'மூ'. ஓரெழுத்து வினை. மூத்தான், மூக்கும், மூத்தவர், மூப்பு எல்லாம் அதன் பிள்ளைகள். முது, முதிர் ஆகியவை உறவினர்.

இதே மூப்பு அலுவலகத்தில் 'பணி மூப்பு' என்றால் பதவி உயர்வு. செய்தித்தாளில் 'வயது மூப்பு' என்றால் அநேகமாக இரங்கல் செய்தி. தமிழ் விவிலியத்தில் சபையின் பெரியவர்கள் 'மூப்பர்'. கிழவன் கதை இன்னும் பரிதாபம். கிழமை என்றால் உரிமை. தொல்காப்பியத்தில் கிழவன் தலைவன், கிழத்தி தலைவி. இன்று அப்படிக் கூப்பிட்டால் கைத்தடி பறந்து வரும்.

ஜெரன்டாலஜிக்கு முதுமையியல், முதியோரியல், மூப்பியல் என்று மொழிபெயர்ப்புகள் புழங்குகின்றன. என் வாக்கு மூப்பியலுக்கு. முதுமை ஒரு நிலை. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டோம் என்ற தொனி அதில் இருக்கிறது. மூத்தல் நடந்துகொண்டே இருப்பது. இந்தியாவில் 2017–18இல் 72,000க்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்துத் தொடங்கிய மூப்பு பற்றிய தொடர் ஆய்வு, 60இல் அல்ல, 45 வயதிலேயே ஆட்களைச் சேர்த்தது. மருத்துவப் பிரிவான ஜெரியாட்ரிக்ஸுக்கு முதியோர் மருத்துவம் என்பதே போதும். அங்கே வருபவர் நோயாளி.

'ஆரோக்கியமான முதுமை' என்று நாம் எழுதுவதையும் நான் 'நலமாக மூத்தல்' என்றே மாற்றுவேன். உலக சுகாதார நிறுவனம் இதற்கு 2015இல் தந்த விளக்கத்தில் நோயின்மை நிபந்தனையே அல்ல. ஒருவர் தமக்கு முக்கியமானதைச் செய்ய வல்லவராக இருப்பதும், அதற்கு அவர் வாழும் சூழல் இடம்கொடுப்பதும்தான் கணக்கு. சர்க்கரை மாத்திரை விழுங்கிக்கொண்டே மாலையில் சந்தைக்கு நடந்துபோய் மீன் பேரம் பேசுகிறவர் நலமாக மூக்கிறார்.

மாணவியின் கையில் இருந்தது முதியோர் மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் 15 கேள்விப் பட்டியல். பாட்டாவை ஒருவழியாகச் சமாதானப்படுத்தினோம். முதல் கேள்வி, வாழ்க்கையில் திருப்தியா? "குறை ஒன்றும் இல்லை." பிறகு, வெளியே போய்ப் புதிதாக எதையாவது செய்வதைவிட வீட்டில் இருப்பதே உங்களுக்கு விருப்பமா? ஆம் என்றால் சோர்வின் பக்கம் ஒரு புள்ளி ஏறும்.

பாட்டா கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரைப் பார்த்தார். "இந்தச் சாரலில் எங்கே மக்களே போக? மழை விட்டதும் வந்து கேள்."

அவள் 'ஆம்' கட்டத்துக்கு மேலே பென்சிலைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் யோசித்தாள். பிறகு கட்டத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் 'மழை' என்று எழுதிக்கொண்டாள்.