முகம் கொடுத்துப் பேசுவது

“நாலு நாளா மனுசன் முகம் கொடுத்துப் பேசல மேடம்.” மனநல ஆலோசகராக நான் மிக அதிகம் கேட்ட வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். சண்டையில் யார் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் தெளிவாக அடுக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு, இந்த இடத்துக்கு வந்ததும் குரல் உடைந்துவிடும். திட்டு வாங்கியதை விட, முகம் கிடைக்காமல் போனதுதான் அதிகம் வலிக்கிறது. ஏன் இப்படி?

இதற்கான விடையைக் கைக்குழந்தையிடமிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் ஒரு எளிய சோதனை செய்தார். அம்மாவும் குழந்தையும் எதிரெதிரே உட்கார்ந்து வழக்கம்போலக் கொஞ்சி விளையாடுவார்கள். பிறகு அம்மா, குழந்தையைப் பார்த்தபடியே, முகத்தைச் சிலைபோல வைத்துக்கொள்ள வேண்டும். சிரிப்பு, பேச்சு, தொடுதல் எதுவும் கூடாது. இரண்டு மூன்று நிமிடம்தான்.

குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். கையை நீட்டும். கூவிக் கூப்பிடும். எதற்கும் பதில் இல்லையென்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிறகு ஓரக்கண்ணால் ஒருமுறை பார்க்கும், மறுபடி திரும்பிக்கொள்ளும். விரலை வாயில் வைக்கும், சட்டையைப் பிடித்துக் கசக்கும். சில குழந்தைகள் உடம்பு துவண்டு அழுதுவிடும். அந்த நேரத்தில் அளந்து பார்த்தால் இதயத்துடிப்பு ஏறியிருக்கும். பதறிப்போன உடம்பைத் தானே ஆற்றிக்கொள்ளும் திறமை குழந்தைக்கு இன்னும் முழுதாக வரவில்லை. அம்மாவின் முகமும் குரலும் தொடுகையும்தான் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. முகம் நின்றுபோனால், பிடித்து நின்ற கொம்பு விலகியது போல ஆகிவிடுகிறது.

இதற்கு அடுத்த கட்டம்தான் என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. அம்மா மறுபடி சிரித்துப் பேசத் தொடங்கியதும், குழந்தை உடனே பழையபடி ஆகிவிடுவதில்லை. சிரிக்கும், கூடவே சிணுங்கும். அம்மாவைப் பார்க்கும், முகத்தையும் திருப்பும். நாலு நாள் கழித்துக் கணவர் “சாப்பிட்டியா?” என்று கேட்கும்போது, “ஏன், இப்பதான் கண்ணு தெரிஞ்சுதா?” என்று வெடிக்கிறவரிடமும் நான் இதைத்தான் பார்க்கிறேன். உறவு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. உடம்பு இன்னும் வந்துசேரவில்லை.

ட்ரோனிக்கின் ஆய்வுகள் இன்னொன்றும் சொல்லின. நல்ல பிணைப்புள்ள தாயும் சேயும்கூடச் சுமார் 30 சதவீத நேரம்தான் ஒருவருக்கொருவர் சரியாக இசைந்திருக்கிறார்கள். மீதி நேரமெல்லாம் தவறவிடுவதும், சரிசெய்து மறுபடி பிடித்துக்கொள்வதும்தான். “நான் நல்ல அம்மா இல்லை” என்று அழும் இளம் தாய்மார்களிடம் இந்த எண்ணைத் தவறாமல் சொல்வேன். தவறிப்போய், மறுபடி சேரும் ஒவ்வொரு முறையும் குழந்தை ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: இந்த வேதனை முடியக்கூடியது, முடித்துவைப்பதில் எனக்கும் பங்கு உண்டு.

சரி, வளர்ந்த பிறகு? அப்போதும் நம் நரம்பு மண்டலம் தனியாளாக வேலை செய்வதில்லை. 2006இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கோன் குழுவினர், 16 மனைவியரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, காலில் லேசான மின்னதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது, ஆபத்துக்கு எதிர்வினை காட்டும் மூளைப்பகுதிகள் நன்றாக அடங்கின. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோது அவ்வளவு இல்லை. இல்லறம் எவ்வளவு நன்றாக இருந்ததோ, அந்த அளவுக்குக் கணவரின் கை அதிகம் வேலை செய்தது.

இனி, பேசாமல் இருப்பவரின் பக்கம். அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் காட்மேன், ராபர்ட் லெவன்சன் இருவரும் தம்பதிகளின் வாக்குவாதங்களைப் பதிவுசெய்து, கூடவே இதயத்துடிப்பையும் வியர்வையையும் அளந்தார்கள். கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும் ஆளுக்குள் பல நேரம் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிக்கொண்டிருந்தது. அலட்சியம் போலத் தெரிவது பெரும்பாலும் திணறல். அந்த நிலையில் காதில் சொல் விழும், மனதில் ஏறாது. கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று காரணம் சொல்லிப் பேச்சை நிறுத்தி, இருவரையும் இருபது முப்பது நிமிடம் பத்திரிகை படிக்க வைத்துவிட்டு மறுபடி பேசச் சொன்னபோது, துடிப்பு இறங்கியிருந்தது, பேச்சும் மாறியிருந்தது. அதனால்தான் “இருபது நிமிடம் கழித்து வருகிறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போகச் சொல்கிறேன். சொல்லாமல் போவது வேறு, சொல்லிவிட்டுப் போவது வேறு. முதலாவது, சிலையாகிப்போன முகம்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அடியும் மிரட்டலும் இருக்கும் வீட்டுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அடித்துவிட்டுக் காலில் விழுவது சரிசெய்தல் ஆகாது. அங்கே முதலில் பாதுகாப்புதான். 181 என்ற பெண்கள் உதவி எண் அதற்காகத்தான் இருக்கிறது.

ஆலோசனை அறையிலும், ஆலோசகருக்கும் வருகிறவருக்கும் இடையிலான உறவு இப்படித்தான் விரிசல் விடும். நியூயார்க்கில் உளவியலாளர்கள் ஜெரமி சஃப்ரான், கிறிஸ்டோபர் முரன் இருவரும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். சிலர் நேரடியாகக் கோபப்படுவார்கள். பலர் சத்தமில்லாமல் பின்வாங்கிவிடுவார்கள். இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கடினம்.

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெண், அப்பா இறந்த இரவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா சுக்குக் காப்பி கேட்டார், கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்று சொன்ன இடத்தில் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நொடிதான். “அவ்வளவுதான் மேடம், வேற ஒண்ணுமில்ல” என்று முடித்துக்கொண்டார். அடுத்த இரண்டு வாரமும் அலுவலகக் கதைதான். எல்லாம் நன்றாகப் போவதாகச் சொன்னார்.

மூன்றாவது வாரம் நானே ஆரம்பித்தேன். “அன்னிக்கு நீங்க அப்பாவைப் பத்திப் பேசும்போது நான் கடிகாரத்தைப் பார்த்துட்டேன். தப்பு என்னோடதுதான். அது உங்களுக்கு எப்படி இருந்தது?”

வெகுநேரம் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். “வீட்லயும் அப்படித்தான் மேடம். நான் அழுதா எல்லாரும் வேற எங்கயாவது பார்ப்பாங்க. யார்கிட்டயும் நான் இதைக் கேட்டதில்ல.” அப்புறம் பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சுக்குக் காப்பியிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினார்.