மெட்ராஸில் விலை ஏறினால் ரங்கூனில் தோசை மெலியும்

ரங்கூனின் பயின்னௌங் மொத்தச் சந்தையில் உளுந்து வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் மூட்டையைத் தொடமாட்டார். கைபேசியைத்தான் பார்ப்பார். மெட்ராஸில் இன்றைக்கு என்ன விலை என்று தெரிந்த பிறகுதான் இங்கே விலை சொல்லுவார். அப்புறம் ஒரு கை உளுந்தை அள்ளித் தட்டில் போட்டு, தூசியை ஊதிவிட்டு, விரலால் பரப்பிக் காட்டுவார். பருத்த, ஒரே சீரான மணி என்றால் எஸ்க்யூ, அதாவது உயர்ந்த தரம். சிறுத்தும் கலந்தும் இருந்தால் எஃப்ஏக்யூ, சுமார் தரம். பெகு பக்கத்தில் விளைந்து, நூறு கிலோமீட்டருக்குள் பயணம் செய்து வந்த உளுந்து அது. அதை அரைத்து இட்லி அவிக்கப் போகிற நானும் ரங்கூன்காரன். விலை மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம் முடிவாகிறது.

இது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல். பொருளாதாரப் பாடநூல் எதைத் திறந்தாலும், வணிகம் செய்தால் இரு பக்கமும் லாபம் என்று முதல் சில அத்தியாயங்களிலேயே போட்டிருக்கும். லாபம் சரி, என் தோசை ஏன் மெலிகிறது?

லாபம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். எங்கள் அக்காவையும் பக்கத்து வீட்டு அமாவையும் வைத்து ஒரு கணக்குப் போடுகிறேன். (பர்மிய மொழியில் அக்காவுக்கு அமா என்றுதான் பெயர். எண்கள் என் கற்பனை.) அக்கா ஒரு மணி நேரத்தில் 60 இட்லி அவிப்பாள், அல்லது 12 கிண்ணம் மொஹிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், செய்வாள். அமாவால் ஒரு மணி நேரத்தில் 20 இட்லிதான் முடியும், அல்லது 10 கிண்ணம் மொஹிங்கா. இரண்டிலும் அக்காதான் கெட்டிக்காரி. பார்த்தால், அமாவோடு மாற்றிக்கொள்ள அவளுக்கு எந்தத் தேவையும் இல்லை.

ஆனால் கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஒரு கிண்ணம் மொஹிங்காவுக்காக யார் எத்தனை இட்லியை விடுகிறார்கள்? அக்கா ஒரு கிண்ணம் செய்கிற நேரத்தில் 5 இட்லி போய்விடுகிறது. அமாவுக்கு 2 இட்லிதான் போகிறது. ஆக மொஹிங்கா மலிவாகக் கிடைப்பது அமாவின் அடுப்பில். ஒன்றைச் செய்வதற்காக எதை விடுகிறோமோ அதுதான் அதன் உண்மையான விலை. இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். கையிலிருந்து காசு போகாததால் பலர் இதைச் செலவாகவே நினைப்பதில்லை.

இருவரும் நாளுக்கு 4 மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று வைப்போம். தனித்தனியே இருந்தால் அக்கா 3 மணி நேரம் இட்லி, 1 மணி நேரம் மொஹிங்கா: 180 இட்லி, 12 கிண்ணம். அமா இரண்டுக்கும் பாதிப் பாதி: 40 இட்லி, 20 கிண்ணம். மொத்தம் 220 இட்லி, 32 கிண்ணம். இப்போது அக்கா இட்லி மட்டும், அமா மொஹிங்கா மட்டும் செய்யட்டும். 240 இட்லி, 40 கிண்ணம். யாரும் கூடுதலாக வியர்க்கவில்லை, அடுப்பும் அதே அடுப்பு, 20 இட்லியும் 8 கிண்ணமும் கூடுதல். ஒரு கிண்ணத்துக்கு 3 இட்லி என்று பேசி 48 இட்லிக்கு 16 கிண்ணம் மாற்றிக்கொண்டால், அக்காவிடம் 192 இட்லி, 16 கிண்ணம். அமாவிடம் 48 இட்லி, 24 கிண்ணம். இருவருக்கும் இரண்டுமே முன்பைவிட அதிகம். மாற்று விலை 2 இட்லிக்கும் 5 இட்லிக்கும் நடுவில் எங்கே நின்றாலும் இருவருக்கும் லாபம்தான். யாருக்கு எவ்வளவு என்பது பேரம் பேசுகிற சாமர்த்தியம்.

ஆங்கிலப் பொருளியலறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817இல் இதே கணக்கை இங்கிலாந்தின் துணியையும் போர்த்துகலின் ஒயினையும் வைத்துப் போட்டார். அவர் கணக்கில் போர்த்துகல் இரண்டையும் குறைந்த ஆள்பலத்தில் செய்யும், எங்கள் அக்கா மாதிரி. ஆனாலும் ஒயினை மட்டும் செய்து துணியை வாங்கிக்கொள்வதே அதற்கு மிச்சம்.

ரிக்கார்டோவின் கணக்கில் எல்லாருடைய கையிலும் ஏற்கெனவே வேலை இருக்கிறது. ஒன்றை எடுத்தால் ஒன்றை விட்டாக வேண்டும். எங்கள் நாட்டு வயலைப் பார்த்தவருக்கு இது முழுக்கப் பொருந்தாது என்று தெரியும். மழைக்கால நெல் அறுத்த பிறகு, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே உளுந்தை விதைக்கிறார்கள். மாசி, பங்குனி வாக்கில் பறிக்கிறார்கள். கால்வாய்த் தண்ணீர் வருகிற இடத்தில் அதற்காகக் கோடை நெல்லை விடவேண்டியிருக்கும். தண்ணீர் வராத இடத்தில் அந்த வயல் சும்மாதான் கிடக்கும். விதையும் உழைப்பும் போக, விட்டது என்று சொல்ல ஒன்றுமில்லை. வாய்ப்புச் செலவு ஏறக்குறையப் பூஜ்யம்.

இதைக் கோட்பாடாக எழுதியவர் எங்கள் ஊர்க்காரர்தான், பொருளியலறிஞர் லா மியிண்ட். லண்டனில் பேராசிரியராக இருந்தவர், ரங்கூன் பல்கலைக்கழகத்தின் ரெக்டராகவும் இருந்தார். உபரிக்கு ஒரு வடிகால் கிடைப்பதுதான் வணிகம் என்று ஆடம் ஸ்மித் எப்போதோ சொல்லிவைத்ததை 1958இல் ஒரு கட்டுரையில் தூசி தட்டி எடுத்தார். அவர் மனதில் இருந்தது ஐராவதி டெல்டா. 1852இல் கீழ் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போன பிறகு சதுப்பும் காடும் நெல்வயலாயின. வேறு எதையும் விட்டுக்கொடுத்து நெல் பயிரிடவில்லை. கிடந்த நிலம் விளைந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி அனுப்பி, உலகத்திலேயே பெரிய அரிசி ஏற்றுமதி நாடாக இருந்தோம். அந்த வயலுக்குக் கடன் கொடுத்தது யார், அறுத்தது யார், அரிசி ஆலையில் மூட்டை தூக்கியது யார் என்பதை இதைப் படிக்கிற தமிழருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உளுந்தின் கதை அதற்கு ரொம்பப் பிந்தியது. 1988க்குப் பிறகு பருப்பு வணிகத்தை அரசு தனியாருக்குத் திறந்துவிட்டது. நெல்லையோ 2003 வரை அரசு கட்டாயக் கொள்முதல் செய்துகொண்டிருந்தது. அப்படியானால் விவசாயி எதைப் பெருக்குவார்? பர்மியச் சமையலில் உளுந்துக்குப் பெரிய வேலையில்லை. கடலுக்கு அந்தப் பக்கமோ அது இல்லாமல் பொழுதே விடியாது. ருசியில் உள்ள இந்த வித்தியாசமும் லாபத்துக்கு ஒரு ஊற்று. எதையும் புதிதாக உற்பத்தி செய்யாமல், வேண்டாதவரிடமிருந்து வேண்டியவரிடம் போனாலே பொருளின் மதிப்பு கூடிவிடும்.

இனி என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஐந்து வீடு, ஆளுக்கு ஒரு வீசை உளுந்து வேண்டும். (வீசை என்பது நம் தமிழ் வீசையேதான். தமிழ்நாட்டில் கிலோ வந்து அதை ஓரங்கட்டிவிட்டது, இங்கே இன்னும் 1.63 கிலோவாக உயிரோடு இருக்கிறது.) இதுவும் கற்பனை எண்தான்: முதல் வீடு ஒரு வீசைக்கு 9 ஆயிரம் கியாட் வரை கொடுக்கத் தயார். அடுத்தடுத்த வீடுகள் 8, 7, 6, 5 ஆயிரம் வரை. விவசாயியிடம் இருப்பது ஐந்து வீசை. ஏற்றுமதி இல்லையென்றால் விலை 5 ஆயிரத்தில் நிற்கும், ஐந்து வீடும் வாங்கும். 9 ஆயிரம் தரத் தயாராக இருந்த வீட்டுக்கு 4 ஆயிரம் மிச்சம். மற்றவர்களுக்கு 3, 2, 1, பூஜ்யம். மொத்தம் 10 ஆயிரம். கொடுக்க மனமிருந்தும் கொடுக்காமல் தப்பிய இந்தத் தொகைக்கு நுகர்வோர் உபரி என்று பெயர்.

இப்போது மெட்ராஸ்காரர் 7 ஆயிரம் தருகிறேன் என்கிறார். விவசாயி நமக்கு ஏன் 5 ஆயிரத்துக்குக் கொடுக்கப் போகிறார்? தெருவிலும் விலை 7 ஆயிரம் ஆகிறது. முதல் மூன்று வீடு வாங்கும், அவர்கள் உபரி 2, 1, பூஜ்யம் என்று 3 ஆயிரமாகச் சுருங்கும். கடைசி இரண்டு வீடும் ஒதுங்கிக்கொள்ளும். தெருவுக்கு நஷ்டம் 7 ஆயிரம். விவசாயிக்கு வீசைக்கு 2 ஆயிரம் வீதம் ஐந்து வீசைக்கும் 10 ஆயிரம் கூடுதல். கூட்டிக் கழித்தால் நாட்டுக்கு 3 ஆயிரம் லாபம்.

அந்த 3 ஆயிரம் எங்கே முளைத்தது என்று பாருங்கள். கப்பல் ஏறிய இரண்டு வீசையில்தான். அவற்றை 6 ஆயிரம், 5 ஆயிரம் என்று மதித்த வீடுகளிடமிருந்து எடுத்து 7 ஆயிரம் தருகிறவரிடம் கொடுத்ததில் 1 ஆயிரமும் 2 ஆயிரமும் வந்தன. மீதி 7 ஆயிரம் லாபமே இல்லை, எங்கள் உபரியிலிருந்து விவசாயி பைக்கு மாறியது. பாடநூல் லாபம் என்று சொல்வது பொய்யில்லை. அது யார் பையில் என்பதைத்தான் சின்ன எழுத்தில் போடுகிறது. 1939இல் கால்டோர், ஹிக்ஸ் என்ற இருவர் இதற்கு ஒரு சமாதானம் சொன்னார்கள்: லாபம் அடைந்தவர் நஷ்டப்பட்டவருக்கு ஈடு கொடுத்த பிறகும் கையில் மிஞ்சுமானால் அந்த மாற்றம் நல்லதே. கொடுக்க முடிந்தால் போதுமாம், கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. பெகு விவசாயி இதுவரை என் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அவர் எங்களைவிட ஏழை என்பதால் நானும் எதிர்பார்க்கவில்லை.

விலை ஏறியதும் வீட்டில் என்ன நடக்கிறது? யாரும் வரைபடம் போடுவதில்லை. ஆனாலும் நுகர்வோர் தேர்வு பற்றிய பாடம் முழுவதும் அடுப்படியில் நடந்துவிடுகிறது. வாரத்தில் ஏழு காலை. ஐந்து நாள் தோசை, இரண்டு நாள் நான்ப்யாவும் பெபியோவும், அதாவது தந்தூர் ரொட்டியும் அவித்த பயறும். ஞாயிற்றுக்கிழமைத் தோசையை யாராலும் பிடுங்கமுடியாது. புதன்கிழமைத் தோசை அப்படியில்லை, செவ்வாயும் அதைத்தானே தின்றோம். ஒரே பொருளில் அடுத்தடுத்துக் கிடைக்கிற திருப்தி குறைந்துகொண்டே போகிறது. தோசைக்குக் கொடுக்கிற கடைசிக் காசும் நான்ப்யாவுக்குக் கொடுக்கிற கடைசிக் காசும் ஒரே அளவு திருப்தி தருகிற இடத்தில் குடும்பம் நின்றுகொள்கிறது. உளுந்து ஏறினால் அந்தச் சமநிலை உடையும். முதலில் போவது புதன்கிழமைத் தோசை. இன்னும் ஏறினால் வெள்ளி. ஞாயிறு அசையாது.

மாவுக்குள்ளேயும் இதே பேரம் உண்டு. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது அக்காவின் அளவு. விலை ஏறினால் அஞ்சுக்கு ஒன்று, கொஞ்சம் வெந்தயம், ஒரு பிடி அவல். யாருக்கும் தெரியாது. ஆறுக்கு ஒன்று என்று போனால் இட்லி கல்லாகிவிடும். அரிசியை வைத்து உளுந்தை ஈடுகட்டுவது ஆரம்பத்தில் சுலபம், போகப்போகக் கடினம். ஒரே அளவு திருப்தி தருகிற கலவைகளை இணைக்கும் கோட்டுக்குப் பாடநூலில் சமநோக்கு வளைகோடு என்று பெயர், அது ஆரம்பப் புள்ளியை நோக்கிக் குவிந்து வளைந்திருப்பதற்கு ஒரு பக்கம் விளக்கம் இருக்கும். அதற்குள் இருப்பது இந்தக் கல் இட்லிதான். அப்புறம், தோசையை ஒருநாள்கூடக் குறைக்காத வீடும் தப்புவதில்லை. அந்த வீட்டில் மீன் குறையும். விலை ஏற்றம் என்பது வருமானத்தில் விழுந்த வெட்டும்தான்.

இந்த ஏற்பாடு 2017 ஆகஸ்டில் தலைகீழானது. இந்தியாவில் அந்த ஆண்டு பருப்பு அமோக விளைச்சல், அங்கே விவசாயிக்குக் கட்டுப்படியாகவில்லை. அரசு இறக்குமதிக்கு வரம்பு போட்டது: துவரை 2 லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன். ரங்கூனில் உளுந்து விலை சரிந்தது. எங்கள் வீட்டில் புதன்கிழமைத் தோசை திரும்பி வந்தது, கனமாகவும் வந்தது. பெகுவில் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு வாங்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாங்குவது ஏறக்குறைய ஒரே நாடு என்றால், அந்த நாட்டின் ஒரு அறிவிக்கை இங்கே ஒரு வெள்ளத்துக்குச் சமம். 2021இல் இரு நாட்டு அரசுகளும் ஐந்தாண்டுக்கு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதிக்கொண்டன, ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் துவரை என்று. அதன் பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது.

ஒரே பயிரை, ஒரே சந்தையை நம்பியதன் பழைய வடுவும் இங்கே உண்டு. 1930இல் உலகமே மந்தத்தில் விழுந்தபோது நெல் விலை கவிழ்ந்தது, கடனோ கவிழவில்லை. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். எட்டு ஆண்டுக்குள் அது 25 சதவீதம் ஆனது. அவர்களுக்கும் அது வேண்டாத நிலம்தான். கடன் திரும்பாமல் நிலமாக வந்தது. அதனால் உண்டான கசப்பை எல்லாத் தமிழரும் சேர்ந்து சுமந்தார்கள். ரிக்கார்டோவின் கணக்கில் விலை ஆடுவதே இல்லை, கடனும் கிடையாது.

போன வாரம் பயின்னௌங்கில் மறுபடி அதே கைபேசி, அதே தட்டு. விலையைக் கேட்டுவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னாள், "சரி தம்பி, அரை வீசை மட்டும் வாங்கு. எஃப்ஏக்யூவே போதும். வர்ற வழியில் நான்ப்யா சூடா இருந்தா அஞ்சு வாங்கிக்க."