இரண்டு முறை மட்டும் என்ற மாநிலத்தில் நான்கு முறை ஆளுநர்: கலிபோர்னியா விதி சொல்வது என்ன?

கலிபோர்னியாவில் ஒருவர் ஆயுளுக்கும் இரண்டு முறைதான் ஆளுநராக இருக்கலாம். ஜெரி பிரவுனோ 1974, 1978, 2010, 2014 என நான்கு தேர்தல்களில் வென்று நான்கு முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். விதி மீறப்படவில்லை, யாரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடவும் இல்லை.

நம் ஊர் ஆளுநரை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். இங்கே அவர் குடியரசுத் தலைவர் நியமிப்பவர். அமெரிக்க மாநிலங்களில் மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்ஜெட்டை முன்வைப்பதும் மசோதாவில் கையெழுத்திடுவதும் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவதும் அவர்தான். அதிகாரம் என்று பார்த்தால் நம் முதல்வருக்கு நிகர்.

இரண்டு முறை என்ற வரம்பு 1990 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 'முன்மொழிவு 140' வழியாக வந்தது. ஆதரவு சுமார் 52 சதவீதம். உண்மையில் அப்போது பலருடைய கோபம் ஆளுநர் மீது இல்லை. சட்டமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்தவர்கள் மீது, குறிப்பாக 1980 முதல் கீழவைத் தலைவராக இருந்த வில்லி பிரவுன் மீது. (ஜெரி பிரவுனுக்கு இவர் உறவில்லை.) அந்த அலையில் ஆளுநர் பதவிக்கும் சேர்த்து வரம்பு போட்டார்கள்.

முடிச்சு ஒரே ஒரு வரியில் இருக்கிறது. 1990 நவம்பர் 6 அன்றோ அதற்குப் பிறகோ தேர்ந்தெடுக்கப்பட்ட பதவிக்காலங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்கிறது அந்த வரி. பிரவுன் 1975 ஜனவரி முதல் 1983 ஜனவரி வரை ஆண்ட எட்டு ஆண்டும் அதற்கு முந்தையவை. ஆகவே 2010இல் அவருடைய கணக்கு பூஜ்யம். இது அவருக்காகச் செய்த சலுகை அல்ல. அதற்கு முன்பே பதவிக்காலம் முடித்திருந்த ரொனால்ட் ரீகனுக்கும், 1982, 1986 தேர்தல்களில் வென்ற ஜார்ஜ் டியூக்மேஜியனுக்கும் சட்டப்படி அதே வாசல் திறந்துதான் இருந்தது. நுழைந்தவர் பிரவுன் ஒருவர்தான்.

சட்டம் இடம் கொடுத்துவிட்டது, ஆனால் நிற்கத்தான் வேண்டுமா? 2010இல் நடந்த விவாதம் இதைப் பற்றித்தான். 36 வயதில் முதன்முதலாகப் பதவியேற்ற பிரவுனுக்கு, மறுபடி ஏற்கும்போது 72 வயதாகியிருக்கும். மாநில அரசோ பட்ஜெட்டில் பெரும் பள்ளத்தில் கிடந்தது. எழுபதுகளின் மனிதருக்கு இன்றைய கலிபோர்னியா புரியுமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. மூன்று முறை அதிபர் வேட்பாளராக முயன்று தோற்றதையும் தோண்டி எடுத்தார்கள். அவர் பக்கம் நின்றவர்கள் அனுபவத்தைக் காட்டினார்கள்: ஓக்லாண்ட் மேயர், மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) என்று கீழிறங்கி வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஆளுநர் மாளிகை வேண்டாம் என்று வாடகை வீட்டில், தரையில் மெத்தை போட்டுப் படுத்த பழைய கதையும் சிக்கனத்துக்குச் சாட்சியாக வந்தது. எதிரே நின்ற மெக் விட்மன், ஈபே நிறுவனத்தின் முன்னாள் தலைவர். சொந்தப் பணம் மட்டும் 14 கோடி டாலருக்கு மேல் இறக்கினார். பிரவுன் சுமார் 54 சதவீத வாக்குகளுடன் வென்றார். வயது பற்றிய வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைத் தீர்க்க வேண்டியது வாக்குப்பெட்டிதானே தவிர, தகுதி விதி அல்ல என்பது என் கருத்து. அங்கே ஆளுநருக்கு உச்ச வயது வரம்பு கிடையாது.

மற்றத் தகுதிகள் சுருக்கமானவை. அமெரிக்கக் குடிமகனாகவும் கலிபோர்னியாவில் வாக்காளராகவும் இருக்க வேண்டும். ஐந்தாண்டு குடியிருப்பு என்று மாநில அரசியல் சட்டம் சொன்னாலும், அது கூட்டாட்சி அரசியல் சட்டத்துக்கு முரண் என்று கருதி, தேர்தலைக் கவனிக்கும் மாநிலச் செயலர் அலுவலகம் வற்புறுத்துவதில்லை. லஞ்சம், பொதுப்பணக் கையாடல் போன்ற குற்றங்களில் தண்டனை பெற்றவர் நிற்க முடியாது. மனுக் கட்டணம், பதவியின் முதலாண்டுச் சம்பளத்தில் 2 சதவீதம். பணத்துக்குப் பதில் வாக்காளர் கையெழுத்துகளும் திரட்டித் தரலாம். 2019இல் வந்த சட்டப்படி, முதற்கட்டத் தேர்தலில் (நவம்பர் தேர்தலுக்கு முன் வேட்பாளர்களை வடிகட்டும் சுற்று) நிற்பவர் கடைசி ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கையும் கொடுத்தாக வேண்டும்.

முதற்கட்டத் தேர்தலும் பிரவுன் 2010இல் நின்றபோது இருந்த மாதிரி இல்லை. அப்போது கட்சிக்குக் கட்சி தனி. 2011 முதல் எல்லா வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள், ஒரே கட்சிக்காரர்களாக இருந்தாலும், நவம்பரில் மோதுவார்கள்.

மற்ற மாநிலங்களில் கதை வேறு. வர்ஜீனியாவில் அடுத்தடுத்து இரண்டு முறை கூடாது, இடைவெளி விட்டு வரலாம். அயோவாவில் வரம்பே இல்லை. டெர்ரி பிரான்ஸ்டாட் இரண்டு கட்டமாக 22 ஆண்டுக்கு மேல் ஆண்டார்.

பதவிக்காலத்தின் நடுவில் வந்தவர்களை எப்படிக் கணக்கிடுவது? மிச்சம் பாதிக்குக் குறைவாக இருந்தால் அது கணக்கில் சேராது. 2003இல் அப்போதைய ஆளுநர் கிரே டேவிஸை மக்களே வாக்களித்துப் பாதியில் பதவி நீக்கிய தேர்தலில் வென்ற அர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கருக்கு மூன்று ஆண்டுக்கு மேல் மிச்சம் இருந்தது. அதுவே ஒரு முறையாகிவிட்டது. 2006இல் வென்றது இரண்டாவது. அவரும் இனி நிற்க முடியாது, பிரவுனும் முடியாது.