பெண் ஈ சொல்லும் 'மாட்டேன்'

காவடி முடிந்த மறுநாள், மொரிசியசின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டில் பூசைத் தட்டை யாரும் எடுத்து வைக்கவில்லை. வெக்கையில் வாழைப்பழத்தின் தோல் கறுத்து, காம்போரம் வெடித்து, புளித்த வாடை கிளம்பியிருந்தது. அதன்மேல் எள் அளவில் பத்திருபது பழ ஈக்கள். "தூக்கி வெளிய போடுப்பா" என்றார் அம்மா. பூதக்கண்ணாடி வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

ஓர் ஆண் ஈ பெண்ணின் பின்னாலேயே போய், முன்னங்காலால் அதன் வயிற்றை இரண்டு முறை தட்டியது. பிறகு ஒரு பக்க இறக்கையை மட்டும் உடலுக்குக் குறுக்காக நீட்டி அதிர வைத்தது. பெண் பின்னங்காலால் ஓர் உதை விட்டு நகர்ந்துகொண்டது. ஆண் விடாமல் மறுபடியும் தட்டியது, மறுபடியும் இறக்கையை விரித்தது. மூன்றாம் முறை பெண் பறந்தே போய்விட்டது.

அந்தத் தட்டல் சும்மா இல்லை. ஈயின் முன்னங்காலில் சுவை நரம்புகள் இருக்கின்றன. தட்டும்போது பெண்ணின் உடல்மேல் படிந்திருக்கும் மெழுகை ஆண் ருசி பார்க்கிறது. இறக்கை அதிர்வு அதன் பாட்டு. நம் காதுக்கு எட்டாத அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் பெண் முடிவு செய்கிறது. இப்படி இணை பார்த்துத் தேர்ந்தெடுப்பதே ஓர் இனத்தின் உருவையும் பழக்கத்தையும் செதுக்கும் என்று 1871-இல் விரிவாக எழுதியவர் டார்வின். 1836-இல் பீகிள் கப்பலில் போர்ட் லூயிக்கு வந்திறங்கியவரும் அவரேதான்.

தட்டில் இருந்தவை எந்த இனம் என்று என்னால் சொல்ல முடியாது. நெருங்கிய பழ ஈ இனங்களை, ஆணின் பிறப்புறுப்பு வடிவத்தை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிப்பார்கள். ஆனால் நம் தீவின் பெயரையே தாங்கிய ஓர் இனம் உண்டு: டிரோசோஃபிலா மொரிஷியானா. 1974-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. மொரிசியசும் ரொட்ரிக்சும்தான் அதன் சொந்த மண். உலகெங்கும் பரவியிருக்கும் சிமுலன்ஸ் என்ற இனம் அதற்குப் பங்காளி. இரண்டும் பிரிந்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

இந்த இரண்டு இனங்களையும் ஒரே குப்பியில் விட்டால் ஒரு விசித்திரம் தெரியும். சிமுலன்ஸ் பெண் பெரும்பாலும் மொரிஷியானா ஆணை ஏற்றுக்கொள்கிறது. மொரிஷியானா பெண்ணோ சிமுலன்ஸ் ஆணை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இந்த 'மாட்டேன்' மரபணுவில் எங்கே எழுதியிருக்கிறது?

தேடுவதற்கு வழி இருக்கிறது. கலப்பில் பிறக்கும் மகன்கள் மலடு, மகள்கள் அப்படியல்ல. அந்த மகள்களை மறுபடி தாய் இனத்தோடோ தந்தை இனத்தோடோ சேர்த்தால், பேரப்பிள்ளை ஒவ்வொன்றிலும் இரண்டு இனத்துக் குரோமோசோம் துண்டுகளும் வெவ்வேறு விதமாகக் கலந்திருக்கும், கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி. ஒவ்வொரு பேத்தியையும் சிமுலன்ஸ் ஆணோடு விட்டு, எது மறுக்கிறது, எது இணங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மறுப்பவற்றிலெல்லாம் திரும்பத் திரும்ப எந்தத் துண்டு தென்படுகிறதோ, மறுப்பு அங்கே இருக்கிறது.

2004-இல் வெளியான ஆய்வு இதைத்தான் செய்தது. மொரிஷியானா பெண்ணின் மறுப்புக்குக் குரோமோசோம்களில் குறைந்தது 7 இடங்கள் அகப்பட்டன. அந்தப் பெண்ணுக்குப் பிடிக்காத குணத்தைச் சிமுலன்ஸ் ஆணுக்குக் கொடுப்பவை 3 இடங்கள். பெண்ணின் இடங்களும் ஆணின் இடங்களும் பெரும்பாலும் வேறு வேறு. பிடித்தத்துக்கு ஒரு மரபணுக் கூட்டம், பிடிக்க வைப்பதற்கு இன்னொன்று! எனக்கு இந்த விஷயத்திலேயே பெரிய ஆச்சரியம் இதுதான். பூட்டு ஒரு பட்டறையிலும் சாவி வேறொரு பட்டறையிலும் தயாராகி, இரண்டும் பொருந்தவும் செய்கின்றன.

எப்படிப் பொருந்துகின்றன என்பதற்கு ஃபிஷர் என்ற மரபியலாளர் 1930-லேயே ஒரு விளக்கம் சொன்னார். நீண்ட வாலை விரும்பும் பெண் நீண்ட வால் ஆணோடு சேர்ந்தால், பிள்ளைகளுக்கு அப்பாவின் வாலும் அம்மாவின் விருப்பமும் சேர்ந்தே வரும். மகனுக்குள் அந்த விருப்பம் வெளியே தெரியாமல் கிடக்கும். மகளுக்குள் அந்த வால் கிடக்கும். தலைமுறைக்குத் தலைமுறை இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும்.

மெழுகிலும் ஒரு மரபணுவின் கை இருக்கிறது. வீட்டு ஈயல்ல, சாதாரணப் பழ ஈயான மெலனோகாஸ்டரின் பெண்ணில் ஒரு மூலக்கூறில் 27 கார்பன் அணுக்கள் கொண்ட மெழுகு உண்டு. அதை உண்டாக்க உதவும் 'டீசாட்-எஃப்' மரபணு சிமுலன்ஸ் பெண்ணிலும் மொரிஷியானா பெண்ணிலும் வேலை செய்வதில்லை. அவற்றின் மேல் இருப்பது 23 கார்பன் மெழுகு. மெலனோகாஸ்டர் ஆணை மயக்கும் அதே 27 கார்பன் சுவை காலில் பட்டால் சிமுலன்ஸ் ஆண் பின்வாங்கிவிடும்.

பாட்டின் கதை 2016-இல் வந்தது. ஒரு குறிப்பிட்ட சிமுலன்ஸ் வம்சத்தில் ஆண்களின் ரீங்காரச் சுருதி மாறியிருந்தது. அந்த வம்சத்தை நம் தீவின் மொரிஷியானாவோடு கலந்து, பேரப்பிள்ளைகளின் பாட்டைப் பதிவு செய்து, காரணத்தைத் தேடிப்போனார்கள். தேடல் 'ஸ்லோபோக்' என்ற ஒரே மரபணுவில் வந்து நின்றது. நரம்பிலும் தசையிலும் பொட்டாசியம் வெளியேறும் வாசலைக் கட்டும் மரபணு அது. அதன் நடுவே, இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று எப்போதோ வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தார்கள். ஈ பழைய சுருதியில் பாடியது.