சொல் விளக்கம்: சீகுங்

தொப்புளுக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அமைதியாக நிற்பது, மூச்சும் உடலசைவும் மன ஒருமையும் சேர்ந்த சீனப் பயிற்சியான சீகுங்கில் அடிக்கடி வரும் ஒரு நிலை. எந்தக் கை அடியில் இருக்க வேண்டும்? ஆணுக்கு இடக்கை, பெண்ணுக்கு வலக்கை என்று பல ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள். ‘ஆணுக்கு இடம், பெண்ணுக்கு வலம்’ என்பது பழைய சீன வழக்கு.

இந்தச் சொல்லைச் சிலர் ‘கிகோங்’ என்று எழுதுகிறார்கள். ரோமன் எழுத்தை அப்படியே படிப்பதால் வரும் பிழை அது. சீன ஒலிக்கு நெருக்கமானது சீகுங்.

சீனத்தில் இது இரண்டு எழுத்து. ‘சீ’ என்றால் காற்று, மூச்சு, ஆவி. அப்புறம் உடம்பை இயக்கும் ஆற்றல். ‘குங்’ என்ற எழுத்தில் வேலையும் வலிமையும் சேர்ந்திருக்கின்றன: பாடுபட்டு அடைந்த திறன் என்று பொருள். குங்ஃபூவில் வருவதும் இதே குங்தான். பலரும் ‘சீ’யைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு ‘குங்’தான் முக்கியமாகப் படுகிறது. நாள்தோறும் செய்தால்தான் அது குங்.

பயிற்சி பழையது, பெயரின் இன்றைய பொருள் புதியது. 1950களில் ஹெபெய் மாகாணத்தில் லியூ குய்ஜென் இதை மருத்துவமுறையாக வளர்த்தபோதுதான் இந்தப் பெயர் பரவியது. அதற்கு முன் வழங்கிய பெயர்களில் ஒன்று ‘தாவ்யின்’. சாங்ஷா நகரின் மாவாங்துய் கல்லறையில் 1973-இல் கிடைத்த பட்டுத்துணி ஓவியம் அதைக் காட்டுகிறது. கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறை அது. ஓவியத்தில் 44 உருவங்கள்; ஆண்களும் பெண்களும் ஒரே துணியில் கைநீட்டி, உடல் வளைத்து நிற்கிறார்கள்.

பெண்களுக்கென்று தனி முறைகள் தாவோ என்ற சீனச் சமய மரபில் பிற்காலத்தில் எழுதப்பட்டன. ஆணுக்கு விந்து, பெண்ணுக்குக் குருதி என்று பயிற்சியின் அடிப்படையையே பிரித்தார்கள். மாதவிடாய் நின்றுபோவதைத் தேர்ச்சியின் அடையாளமாகக் கொண்டார்கள். இன்று அதை யாரும் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. இளம்பெண்ணுக்கு மாதவிடாய் நின்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

சரி, பலனில் ஆண் பெண் வேறுபாடு உண்டா? ஆய்வுகளில் பங்கேற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். இருபாலரையும் நேராக ஒப்பிட்டவை குறைவு. ஆகவே ‘பெண்களுக்கே அதிகப் பலன்’ என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பயிற்சிக்கு வரும் உடம்புகள் வேறு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய்கிறது. விழுந்தால் எலும்பு முறியும் ஆபத்து கூடுகிறது. முழங்காலை லேசாக மடக்கி, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெதுவாக மாற்றும் அசைவு நிலைதடுமாறாமல் நிற்கப் பழக்குகிறது. நடுவயதுக்கு முன் இரத்த அழுத்தம் ஆண்களிடம்தான் அதிகம். அவர்கள் நிதானமான மூச்சைத் தேடி வரலாம், மாத்திரையை நிறுத்திவிடாமல்.

தமிழில் என்ன சொல்வது? ‘மூச்சுப் பயிற்சி’ என்றால் உடலசைவும் மன ஒருமையும் விட்டுப்போகும். ‘வளி’ என்றால் சித்த மருத்துவத்தில் வாதம். ‘உயிர்வளி’யோ ஆக்சிஜனுக்குப் போய்விட்டது. பிராணாயாமம் வேறொரு மரபு. நான் ‘உயிர்மூச்சுப் பயிற்சி’ என்பேன். திரும்பத் திரும்பச் செய்வது ‘பயில்’ என்ற வேர்ச்சொல்லிலேயே இருப்பதால் ‘குங்’கும் அதில் வந்துவிடுகிறது. கட்டுரையில் முதல் தடவை ‘சீகுங் எனும் உயிர்மூச்சுப் பயிற்சி’ என்று எழுதிவிட்டால், பிறகு எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும் வாசகருக்குப் புரியும்.