சம்பளப் பட்டியலை ஆடிட்டரிடமும் காட்டுங்கள்

சேலத்துச் சிறு தொழில் முதலாளிகள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பிஎஃப், ஈஎஸ்ஐ பார்க்க ஓர் ஆள், ஜிஎஸ்டி, வருமான வரிக்கு ஆடிட்டர் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். கணக்கு முடிக்கும்போது சம்பளப் பட்டியல் கேட்டால், "அதெல்லாம் பிஎஃப் பார்க்கிற தம்பி வச்சிருப்பாருங்க" என்று பதில் வரும். சட்டம் மாறும்போது அடி விழுவது பெரும்பாலும் இந்த இருவருக்கும் நடுவில்தான்.

தொழிலாளியிடம் பிடித்த பிஎஃப், ஈஎஸ்ஐ பங்கை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 17ஆம் தேதி கட்டினால் பிஎஃப் பார்க்கிற தம்பிக்கு அது வட்டியும் அபராதமும் சம்பந்தப்பட்ட சின்ன விஷயம். ஆனால் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ், கெடு தாண்டிக் கட்டிய தொழிலாளர் பங்கைச் செலவாகக் கழிக்கவே முடியாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முதலாளி பங்குக்காவது ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு வரை அவகாசம் இருந்தது, இதற்கு அதுவும் இல்லை. இந்த இரண்டு நாள் தாமதம் ஆடிட்டர் கண்ணில் படுவதோ வருஷம் முடிந்து சலான்களை அடுக்கும்போது!

அடுத்தது நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். 2019, 2020இல் நிறைவேறியவை. அப்புறம் ஒவ்வொரு ஏப்ரலிலும் "இந்த மாதம் முதல் அமல்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். புலி வருது கதையாகக் கேட்டுக் கேட்டு, 2025 நவம்பர் 21 அன்று நிஜமாகவே அமலுக்கு வந்தபோது பலர் கண்டுகொள்ளவில்லை.

அதில் சிறு முதலாளி உடனே பார்க்க வேண்டியது ஊதியம் என்பதற்கான வரையறை. ஒரு பட்டியலில் மாதம் 16,000 ரூபாய் சம்பளம் என்று வையுங்கள். அடிப்படை 6,000, வீட்டு வாடகைப் படியும் போக்குவரத்துப் படியும் சேர்ந்து 10,000. பிஎஃப்பைக் குறைக்க நம் ஊரில் பழக்கமான ஏற்பாடுதான் இது. இப்போது இத்தகைய படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டுகிற 2,000 ஊதியத்தில் சேரும், ஆக ஊதியம் 8,000. வேலையை விட்டுப் போகும்போது தருகிற பணிக்கொடையான கிராஜுவிட்டியும் இந்த ஊதியத்தை வைத்துத்தான். ஏற்காட்டு விடுதிகளைப் போல ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு ஐந்து வருஷம் வேண்டாம், ஒரு வருஷம் போதும், கிராஜுவிட்டி உண்டு. எல்லோருக்கும் நியமனக் கடிதமும் கொடுத்தாக வேண்டும்.

இளம்பிள்ளைப் பக்கம் சேலை உற்பத்தி செய்பவர்களுக்கு வேறொரு தலைவலி. சாயப்பட்டறைக்காரருக்குப் பணம் "தீபாவளி முடியட்டும்", "பொங்கல் தாண்டட்டும்" என்று நகரும். அவர் உத்யம் என்ற மத்திய அரசின் சிறு தொழில் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளுக்குள் பணம் போக வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கிடையாது. அந்தக் கெடுவும் தாண்டி மார்ச் 31 அன்று பாக்கி நின்றால், அந்த ஆண்டு அது செலவில்லை, வருமானத்தில் சேர்ந்து வரி விழும். கட்டுகிற ஆண்டில்தான் கழித்துக்கொள்ளலாம். 2023 நிதிச் சட்டத்தில் வந்து 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதி இது. நூலை வாங்கி விற்கிற வியாபாரிக்குத் தரும் பாக்கி இதில் வராது. அதனால் பில்லோடு உத்யம் சான்றிதழையும் கேட்டு வாங்கி, அவர் உற்பத்தியாளரா, வியாபாரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் முதல் வாரத்திலேயே பாக்கிப் பட்டியல் எடுத்தால்தான் பணம் புரட்ட நேரம் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் நான் முதலில் தேடுவது தேதியைத்தான். மசோதாவா, சட்டமா, அரசிதழில் அறிவிக்கை வந்துவிட்டதா, எந்த நாள் முதல் அமல்? இதில் ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால் அதை நம்பிச் சம்பளத்தை மாற்ற வேண்டாம். பிஎஃப் நிறுவனத் தளத்தின் சுற்றறிக்கைகளும் ஜிஎஸ்டி தளத்தின் அறிவிப்புகளும் இலவசம்தான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது, பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. பழைய எண்ணைப் போட்டு யாராவது அறிவுரை அனுப்பினால் அதை ஆடிட்டருக்குத் தட்டிவிட்டு, கூடவே சம்பளப் பட்டியலையும் பிஎஃப் சலானையும் சேர்த்து அனுப்புங்கள்.