சுடும் பிளக்கும் விழாத எம்சிபியும்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடல் நடந்துபோகும் தூரம். போன ஐப்பசியில் இண்டக்ஷன் அடுப்பின் பிளக்கைப் பிடுங்கிய அம்மா, "என்னடா இது, இப்படிச் சுடுது" என்றார். போர்டைத் திறந்து பார்த்தால் ஒயர் நுழையும் திருகில் பச்சைக் களிம்பு. சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறிக் கிடந்தது. ஆனால் எம்சிபி, அதாவது மின்னோட்டம் அளவுமீறினால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், ஒருமுறைகூட விழவில்லை.

ஏன் விழவில்லை? 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 750 வாட் மிக்சிக்கு 3.3 போதும். ஒயரில் எழும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும். களிம்பேறிய திருகில் வெறும் 0.1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிக்சி ஓடினால் அங்கே 1 வாட் சூடு, அடுப்பு எரிந்தால் ஏழரை வாட். ஏழரை வாட் பெரிதா என்று தோன்றும். துவரம்பருப்பு அளவு இடத்தில், அரைமணி நேரம், காற்றுப் புகாத பெட்டிக்குள் என்றால் பெரிதுதான். சூட்டில் உலோகம் மேலும் கறுக்கும், திருகு நெகிழும், தடை கூடும், அதனால் சூடும் கூடும். எம்சிபி பார்ப்பது ஓடும் ஆம்பியரை மட்டுமே. 8.7 என்பது அதன் கணக்கில் சரியான அளவு.

கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் இந்தச் சுழற்சி சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து உலோகத்தின் மேல் படியவைக்கும். அந்த ஈரப்படலத்தில்தான் பித்தளையும் தாமிரமும் அரிக்கின்றன.

எங்கள் போர்டில் இன்னொரு தவறும் இருந்தது. மிக்சி பிளக்கிலிருந்தே லூப் எடுத்து அடுப்புக்குக் கொடுத்திருந்தார்கள். அடுப்பு, மிக்சி, 1500 வாட் கெட்டில் மூன்றும் சேர்ந்தால் ஒரே ஒயரில் 18 ஆம்பியருக்கு மேல். இப்படி எம்சிபி விழும் வீடுகளில் சிலர் 16 ஆம்பியரைக் கழற்றி 32 ஆம்பியர் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். எம்சிபி காப்பது சுவருக்குள் இருக்கும் ஒயரை. ஒயரை மாற்றாமல் எம்சிபியைப் பெரிதாக்கினால், முதலில் எரிவது ஒயர்தான்.

இப்போது அடுப்புக்கு, எம்சிபிகள் இருக்கும் டிபி பெட்டியிலிருந்து நேராகத் தனி ஒயர், 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரம், 16 ஆம்பியர் பிளக். அதன் தடித்த பின்கள் தொடும் பரப்பு அதிகம். எர்த் பின் மற்றவற்றைவிட நீளம் என்பதால் முதலில் நுழைந்து கடைசியில் வெளியேறும். ஈரக்கை புழங்கும் இடம் என்பதால் மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் வைத்தோம்.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மெயினை அணைத்துவிட்டு, சமையலறைத் திருகுகளை எல்லாம் இறுக்கச் சொன்னேன். களிம்பேறிய பிளக் ஒன்று மீண்டும் அகப்பட்டது. அதைத் தேய்த்துப் பார்க்கவில்லை, மாற்றிவிட்டோம்.